பாசி எடுக்கும் பெண்களின் நடுக்கமும் மலையேறும் சட்டையும்

மண்டபம், பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சேலைக்கு மேல் சட்டை, விரல்களில் சுற்றிய துணி. மணிக்கணக்கில் மூழ்கி எழுந்து வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தால், நல்ல வெயிலிலும் உடம்பு வெடவெடக்கும். காற்றின் வெப்பமோ 30 டிகிரி. அப்புறம் குளிர் எங்கிருந்து வந்தது? மலையேற என்ன துணி எடுப்பது என்று கேட்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் இங்கிருந்துதான் சொல்லத் தொடங்குவேன்.

குளிர் ஈரத்தில் இருக்கிறது. அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பங்கை அது நம் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. காற்றும் வீசினால் இன்னும் வேகம்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பதால், பாம்பனில் 30 என்றால் அங்கே 16, 17தான். அது தாங்கக்கூடிய குளிர். நான் முதன்முறை பெரியகுளத்துப் பக்கமிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாக ஏறியபோது பருத்திப் பனியனும் ஜீன்ஸும் போட்டிருந்தேன். நடக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. மேலே போய் நின்ற பத்தாவது நிமிடம் பல் கிட்டியது. வியர்வையில் நனைந்த பனியனைக் காற்று பிடித்துக்கொண்டது.

பருத்தியைக் குறை சொல்ல மாட்டேன். அதன் இழை தண்ணீரைத் தனக்குள்ளேயே இழுத்து, மெல்ல மெல்ல உலரும். நம் கரையோரப் புழுக்கத்தில் அது வரம். உடம்பு குளிர்ந்துகொண்டே இருக்கும். அதே குணம்தான் மலையில் ஆளைப் படுத்துகிறது. பாலியெஸ்டர் இழைக்குள் ஈரம் ஏறவே ஏறாது, எடையில் அரை சதவீதம்கூட இல்லை. வியர்வை நூலிடுக்கு வழியாக வெளிப்பக்கம் பரவிச் சீக்கிரம் காய்ந்துவிடும். மெல்லிய கம்பளிப் பனியன் இன்னும் நல்லது. தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் நீராவியை உறிஞ்சியும் தொட்டால் ஈரம் தெரியாது. விலைதான் அதிகம்.

அதன்மேல் போடுவது ஃபிளீஸ் சட்டை, அதாவது பஞ்சுபோல் மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை. அதன் வேலை காற்றைச் சிறைபிடிப்பது. பனையோலைக் கூரையில் ஓலைகளுக்கு நடுவே நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கிறதே, அதே வேலைதான். இங்கே உள்ளிருக்கும் சூடு வெளியே போகாமல் நிற்கிறது. தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லியவை இரண்டு மேல். ஏறும்போது ஒன்றைக் கழற்றலாம், வியர்வையே குறையும்.

வெளியே மழைக்கோட்டு. சாதாரண பிளாஸ்டிக் கோட்டு மழையைத் தடுக்கும், வியர்வையையும் உள்ளேயே அடைத்துவிடும். தோசைக்கல்லில் பூசுகிற டெஃப்லானை 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்ற வேதிப் பொறியாளர் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அது கிழியாமல் நீண்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த படலமானது. அந்தப் படலம் வைத்துத் தைத்த கோட்டில் மழைத்துளி நுழையாது, நீராவி வெளியேறும். ஆனால் உள்ளே ஈரப்பதம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஆவி நகரும். கடையில் இதை யாரும் சொல்வதில்லை. அந்தக் கோட்டை ராமேசுவரத்துப் புழுக்கத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, பயனில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். இறக்கத்தில் விரல் முன்னால் இடிக்காத அளவுக்கு இடம் வேண்டும். மழைக்காலமென்றால் அட்டை கடிக்காமலிருக்க, முழங்கால்வரை நெருக்கமாக நெய்த துணியுறை வேண்டும்.

கடைசியாக, காய்ந்த பனியன் ஒன்றைப் பாலித்தீன் பையில் கட்டிப் பைக்குள் வையுங்கள். மேலே போனதும் டீ கேட்கும் முன்பே நனைந்ததை மாற்றிவிடுங்கள்.