'ஏ.எஸ்.எல்' என்று கேட்டது யார்?

பிள்ளையின் இன்ஸ்டாகிராமையோ வாட்ஸ்அப்பையோ எட்டிப் பார்த்துவிட்டுப் பதறி வரும் பெற்றோர், என்னிடம் முதலில் கேட்பது ஒரு பட்டியல்தான். "எந்தெந்த வார்த்தை ஆபத்துன்னு எழுதிக் குடுங்க மேடம்." பள்ளி மாணவர்களுக்கு மனநல ஆலோசனை தருவது என் வேலை. ஆனாலும் அப்படிப் பட்டியல் எதுவும் நான் கொடுப்பதில்லை. பிள்ளைகளின் சொற்கள் மாதத்துக்கு ஒருமுறை மாறுகின்றன. அது ஒரு காரணம். பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் சொல்லைத்தான் தேடுவார், அதை எழுதிய ஆளைக் கவனிக்க மாட்டார் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

'ஏ.எஸ்.எல்' என்ற மூன்றெழுத்தை எடுத்துக்கொள்வோம். இணைய அரட்டை அறைகள் இருந்த காலத்திலிருந்தே முன்பின் தெரியாதவர்கள் கேட்கும் கேள்வி இது. வயசு என்ன, ஆணா பெண்ணா, எந்த ஊர்? இப்போதுள்ள பிள்ளைகள் அதே எழுத்துகளுக்கு வேறு அர்த்தம் வைத்திருக்கிறார்கள். 'டயர்ட் ஏ.எஸ்.எல்' என்று தோழி அனுப்பினால் 'செம டயர்ட்' என்று மட்டும்தான் பொருள். ஆன்லைன் கேமில் போன வாரம் அறிமுகமான ஒரு 'அண்ணா' அதையே தனியாக அனுப்பினால், அங்கே நின்று கவனிக்க வேண்டும்.

அப்படி வருகிறவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்பது எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். முதலில் பாராட்டு. அப்புறம் 'இங்க வேணாம், டெலிகிராம்ல வா' அல்லது 'ஸ்னாப் ஐடி குடு'. அனுப்பியது தானாக மறைந்துவிடும் இடமாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். 'வீட்ல யாரு இருக்கா?' என்று சாதாரணமாக ஒரு கேள்வி வரும். 'நம்ம பேசுறது யாருக்கும் தெரிய வேணாம்' என்பார்கள். கடைசியில் ஒரு போட்டோ கேட்பார்கள். இதில் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை, பாருங்கள்.

இன்னொரு பக்கம், ஒன்றுமே இல்லாததற்கு நடுங்குகிறவர்களும் உண்டு. 'டெட்' என்று எழுதி மண்டையோட்டு எமோஜி போட்டிருந்தால், 'சிரிச்சு சிரிச்சு செத்தேன்' என்று நாம் சொல்வோமே, அதுதான். 'இன்னைக்கு ஒரு சம்பவம் இருக்கு' என்று பையன் எழுதியதைப் படித்து, அடிதடிக்குப் போகிறான் என்று ஒரு தாத்தா பள்ளிக்கே வந்துவிட்டார். அன்று மாலை அவர்களுக்கு வாலிபால் மேட்ச்.

ஆனால் 'கே.எம்.எஸ்' விஷயத்தில் நான் இவ்வளவு லேசாக இருக்க மாட்டேன். 'என்னை நானே கொன்றுகொள்வேன்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. 'கே.ஒய்.எஸ்' என்றால் அடுத்தவரைப் பார்த்து 'போய்ச் சாவு' என்பது. 'அன்அலைவ்' என்பதும் சாவைக் குறிப்பதுதான். தற்கொலை என்று எழுதினால் தளம் பதிவை மறைத்துவிடும் என்று டிக்டாக்கில் புழங்கத் தொடங்கிய சொல் அது. 2020-ல் இங்கே டிக்டாக்கைத் தடை செய்தாலும், ரீல்ஸ் வழியாகச் சொல் வந்து சேர்ந்துவிட்டது. கணக்குப் பரீட்சை கஷ்டம் என்பதற்கும் பிள்ளைகள் 'கே.எம்.எஸ்' என்று போடுகிறார்கள், உண்மைதான். அதற்காக 'சும்மா விளையாட்டுக்கு எழுதுறான்' என்று விட்டுவிடாதீர்கள். கூடவே தூக்கம் கெட்டிருக்கிறதா, ஆசையாக வைத்திருந்த பொருளை யாருக்காவது கொடுத்தானா, நண்பர்கள் குரூப்பிலிருந்து வெளியேறினானா, அந்த மெசேஜ் நடுராத்திரியில் ஒரே ஒருவருக்கு மட்டும் போயிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா?" கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது, ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. 'ஆமாம்' என்றால் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

நம் ஊருக்கே உரிய ஒன்றும் உண்டு. 'கூல் லிப்' என்றால் உதட்டுக்குப் போடும் சாயம் என்று நினைக்கும் அம்மாக்கள் நிறைய. உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம் அது. தமிழ்நாட்டில் தடை இருந்தும் பள்ளி மாணவர்கள் கைக்குக் கிடைக்கிறதே என்று 2024-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கவலை தெரிவித்தது.

சரி, எப்படிக் கேட்பது? அடையாளத்தை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். என் அறையில் ஒரு அப்பா, ஒன்பதாம் வகுப்பு மகளிடம் போனை நீட்டினார். வீட்டில் 'இது என்ன கருமம்?' என்றுதான் கேட்டிருந்தாராம். இங்கே, "பாப்பா, 'சிச்சுவேஷன்ஷிப்'னா என்னம்மா? எனக்கு நெஜமாவே புரியல" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "லவ்வும் இல்ல, ஃப்ரெண்டும் இல்லப்பா. எதுன்னு சொல்லாமலே பேசிட்டிருக்கிறது." அப்புறம் 'பெஸ்டி' என்றால் யார், 'கிரிஞ்ச்' எது என்று வரிசையாக விளக்கினாள். அவர் குறுக்கே பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, "ஒருத்தன் பிக் அனுப்பு, அனுப்புன்னு கேட்டுட்டே இருக்கான்ப்பா" என்றாள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர் ஒரு மாதமாக அவள் போனைத் துழாவிக்கொண்டிருந்தார்.

அவள் அனுப்பியிருக்கவில்லை. அனுப்பிவிட்ட பிள்ளைகளும் வருகிறார்கள், பையன்களும்தான். அடுத்து வருவது மிரட்டல்: பணம் போடு, இல்லையென்றால் உன் ஃபாலோயர்ஸ் எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன். பணம் கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பான். கோபத்தில் அரட்டையை அழிக்காதீர்கள். அவனை பிளாக் செய்வதற்கு முன் மிரட்டல் மெசேஜ்களையும் அவன் யூசர்நேமையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பிள்ளையின் படத்தை மட்டும், ஆதாரம் என்றுகூட, சித்தப்பாவுக்கோ டீச்சருக்கோ அனுப்பாதீர்கள். அப்படிப் பகிர்வதே சட்டப்படி குற்றம். உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணிலோ தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலோ புகார் கொடுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098. 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையும் உண்டு. படத்தை எங்கும் அனுப்பத் தேவையில்லை. அதன் டிஜிட்டல் கைரேகையை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களில் அது பரவாமல் தடுக்க உதவும். போக்சோ சட்டம் ஆண்பிள்ளைகளுக்கும் பொருந்தும். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ ஊடகங்களில் வெளியிடக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று புகாருக்குத் தயங்கும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.