லிங்க்கைத் திறந்தால் வருவது உங்கள் சொந்த நகல் இல்லை

பலர் சேர்ந்து இணையத்தில் நிரப்பும் விரிதாள்தான் கூகுள் ஷீட். அப்படிக் குழம்பிப்போன ஷீட் ஒன்று இந்த வாரமும் என்னிடம் சரிசெய்ய வந்தது. ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்களை ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே கூகுள் ஷீட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தேட வசதியாக இருக்கட்டும் என்று ஒருவர் பெயர்ப் பத்தியை (மேலிருந்து கீழாக வரும் கட்டங்களை) மட்டும் தேர்ந்தெடுத்து சார்ட் செய்துவிட்டார், அதாவது அகர வரிசைப்படுத்திவிட்டார். பெயர்கள் இடம் மாறின, மதிப்பெண்கள் இருந்த இடத்திலேயே நின்றன. அது தெரியாமல் மற்றவர்கள் புது வரிசையைப் பார்த்து மீதிப் பாடங்களையும் போட்டு முடித்துவிட்டார்கள். இப்போது பழைய பதிப்பை மீட்டால் முதலில் போட்ட பாடங்கள் சரியாகும், பின்னால் போட்டவை போய்விடும், மீட்காவிட்டால் நேர்மாறு. இரண்டு பதிப்புகளையும் தனித்தனியாக நகலெடுத்து, வீலுக்அப் (ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடி எடுக்கும் சூத்திரம்) போட்டுப் பெயருக்குப் பெயர் பொருத்த வேண்டியிருந்தது. செய்தவர் கேட்டது: "நான் என் லேப்டாப்பில்தானே சார்ட் பண்ணினேன்?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எக்செல் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆளுக்கொரு நகல் போகும், நீங்கள் கெடுத்தால் உங்களுடையது மட்டும் கெடும். கூகுள் ஷீட் லிங்க் அனுப்பினால் எதுவும் யாருக்கும் போகவில்லை. ஃபைல் ஒன்றுதான், எல்லோரும் அதற்குள்தான் வருகிறார்கள். சேவ் பட்டனே கிடையாது, அதனால் "சேவ் பண்ணாமல்தான் மூடினேன்" என்பதில் ஒரு பயனும் இல்லை. நீங்கள் விரலை எடுக்கும்போதே அது எல்லோருக்கும் மாறிவிட்டது. ஃபில்டரும் அப்படித்தான். நீங்கள் மதுரை வரிசைகளை மட்டும் பார்க்க ஃபில்டர் போட்டால், அதே நேரத்தில் திறந்து வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரருக்கு அவர் மாவட்டமே காணாமல் போகும். அழிந்துவிட்டது என்று அவர் பதறிப்போய் மறுபடி எல்லாவற்றையும் டைப் செய்வார், ஃபில்டரை எடுத்ததும் ஒவ்வொரு பெயரும் இரண்டு முறை நிற்கும்.

ஃபில்டர் வேண்டுமானால் டேட்டா மெனுவில் ஃபில்டர் வியூ போடுங்கள், அது மற்றவர் பார்வையைத் தொடாது. சார்ட் என்றால் முழு ஷீட்டையும் செய்யுங்கள், அதையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வரிசை எண் பத்தி இல்லாமல் எந்தப் பட்டியலையும் தொடங்காதீர்கள். தவறு நடந்தால் உடனே குழுவில் சொல்லுங்கள், ஒருவரும் உங்களைத் தின்றுவிட மாட்டார்கள்.

அப்புறம் எண்கள். 12/4 என்ற கதவு எண்ணை ஷீட் தானாகவே தேதியாக்கிவிடும். இந்த விரிதாள் வியாதிக்கு மரபணு ஆராய்ச்சியாளர்களே தப்பவில்லை: மார்ச்1 என்ற மரபணுவை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால் அதன் பெயரை மார்ச்எஃப்1 என்றே மாற்றிவிட்டார்கள், 2020-இல் வெளியான பெயரிடும் விதிகளிலும் இது இடம்பெற்றது. 15 இலக்கத்தைத் தாண்டிய வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும், அதைப் பிறகு மீட்க வழியே இல்லை. பத்தியை முதலிலேயே ப்ளெயின் டெக்ஸ்ட் (எண்ணாகவோ தேதியாகவோ எடுத்துக்கொள்ளாத வெறும் எழுத்து) ஆக்கிவிட்டு நிரப்புங்கள்.

இவ்வளவு திட்டுவதால் ஷீட்டே வேண்டாம் என்று போய்விடாதீர்கள். வகுப்பில் இதைப் போல ஒரு கருவி கிடையாது. ஒரு மீட்டர் ஊசல் 20 அலைவுக்கு எத்தனை வினாடி என்று ஒவ்வொரு குழுவும் ஒரே ஷீட்டில் போடட்டும். எல்லாம் 40-ஐ ஒட்டி நிற்கும்போது ஒரு குழு மட்டும் 38 போட்டால், ஆசிரியர் சொல்வதற்கு முன் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்: ஊசலை விடும்போதே "ஒன்று" என்று எண்ணிவிட்டார்கள், நடந்தது 19 அலைவுதான். ஆனால் ஒரு குழு "40 வினாடி" என்று எழுதிவிட்டால் அது எண்ணே இல்லை, சராசரி அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அலகைத் தலைப்பில் எழுதச் சொல்லுங்கள். குழுவுக்கொரு டேப் (ஒரே ஃபைலுக்குள் தனிப் பக்கம்) கொடுப்பதாக இருந்தால் மற்றக் குழுக்கள் தொடாதபடி புரொடெக்ட் செய்யுங்கள்.

லிங்க் இருக்கும் எல்லோருக்கும் எடிட்டர் அனுமதி கொடுக்காதீர்கள். லாகின் செய்யாமல் வருபவர் வெறும் அனானிமஸ் என்றுதான் தெரிவார், யார் அழித்தார் என்று என்னாலும் கண்டுபிடிக்க முடியாது. மின்னஞ்சல் வாங்கி அவரவருக்குக் கொடுங்கள், அது முடியாத இடத்தில் ஷீட்டைத் தொடாமலே விவரங்களை நிரப்பி அனுப்பும் கூகுள் ஃபார்ம் வையுங்கள். டேப்பை மறைத்துவிட்டால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம், பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர்கூட நகலெடுத்து அதைத் திறந்துவிடலாம். பிள்ளைகளின் ஆதார் எண்ணையும் பெற்றோர் போன் எண்ணையும் தயவுசெய்து தனி ஃபைலில் வையுங்கள், அந்த லிங்க் குழுவுக்குப் போகவே வேண்டாம்.