டேட்டாவைத் தின்பது யார்?

மாதம் பாதிகூட ஆகவில்லை, அதற்குள் டேட்டா தீர்ந்துவிட்டது. உடனே சந்தேகம் போவது பக்கத்து வீட்டின் மேல்தான். கொஞ்சம் பொறுங்கள். திருடன் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் அவன் வீட்டுக்குள்ளேயே, நாம் காசு கொடுத்து வாங்கி வைத்த ஏதோ ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள், பயன்பாட்டைப் பைட்டில் சொல்கிறார்கள். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். வினாடிக்கு 2 மெகாபிட் என்பது காதில் அற்பமாகத்தான் விழும். ஆனால் வாசலில் மாட்டிய கேமரா அந்த வேகத்தில் இரவு பகலாக வீடியோவை வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி, 30 நாளில் 648 ஜிபி! நாம் பார்த்தால்தான் டேட்டா செலவாகும் என்று நினைத்துக்கொள்கிறோம். அனுப்புவதும் செலவுதான். போனில் இருக்கும் படங்களை கிளவுடுக்கு ஏற்றும் செயலி, பாதியில் அறுந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும் பேக்கப், தான் இறக்கிய அப்டேட்டை மற்ற கணினிகளுக்கும் பகிர்ந்துகொடுக்கும் விண்டோஸ் என்று பட்டியல் நீளும்.

அதனால் முதலில் பிரவுசரில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, எந்தக் கருவி எவ்வளவு இழுத்திருக்கிறது என்று பாருங்கள். கூடவே எந்த நேரத்தில், எந்தத் திசையில் என்றும் பாருங்கள். எல்லோரும் தூங்கும் நள்ளிரவில் அப்லோட் எகிறியிருந்தால் அது மனிதர் வேலையாக இருப்பது அபூர்வம்.

பட்டியலில் தெரியாத பெயர் இருந்தால் அதன் மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கருவியை அடையாளம் காட்டும் எண்ணைப் பார்க்கலாம். 48 பிட் நீளமுள்ள அந்த எண்ணின் முன்பாதி, கருவியைத் தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். இங்கே ஒரு குழப்பம் உண்டு. இப்போதைய போன்கள் நம் அந்தரங்கத்தைக் காக்கப் பொய் முகவரி ஒன்றைப் போட்டுக்கொள்கின்றன. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அது அப்படிப்பட்டது. உங்கள் போனே உங்களுக்கு அந்நியனாகத் தெரியும்.

ரவுட்டர் இந்த விவரமெல்லாம் காட்டாவிட்டாலும் வழி இருக்கிறது: வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். எல்லாக் கருவிகளும் வெளியே போய்விடும். அப்புறம் ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, நாளுக்கு நாள் மொத்த டேட்டா செலவைப் பாருங்கள். வெளியாள் யாராவது இருந்தால் அவரும் இதோடு கழன்றுவிடுவார்.

சரி, அவர் எப்படி நுழைந்திருப்பார்? வைஃபையைப் பூட்டி வைக்கும் டபிள்யூபிஏ2 என்ற முறையில் பாஸ்வேர்டு காற்றில் போவதே இல்லை. போனும் ரவுட்டரும் ஆளுக்கொரு கணக்குப் போட்டு, தனக்கு அது தெரியும் என்று மற்றதற்கு நிரூபிக்கின்றன. அந்தச் சில நொடிப் பேச்சை ஒருவர் பதிவு செய்துகொண்டால் போதும். வீட்டுக்குப் போய், தன் கணினியில் ஒவ்வொரு சொல்லாகப் போட்டு அது பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். நம் ரவுட்டருக்கு ஒன்றும் தெரியாது. நல்ல கிராபிக்ஸ் கார்டு வினாடிக்குப் பத்து லட்சம் ஊகங்களைத் தாண்டும். பத்து இலக்கச் செல்போன் எண்ணைப் பாஸ்வேர்டாக வைத்திருக்கிறீர்களா? மொத்தமே 1,000 கோடி வாய்ப்புகள்தான். 10,000 வினாடியில், அதாவது மூன்று மணி நேரத்துக்குள், தீர்ந்துவிடும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து வைத்தால் இந்த விளையாட்டு நடக்காது. 2018இல் வந்த அதன் அடுத்த முறையான டபிள்யூபிஏ3 அடிமடியிலேயே கை வைத்தது. ஒவ்வொரு ஊகத்தையும் ரவுட்டரிடமே வந்து கேட்டாக வேண்டும். பதிவை எடுத்துக்கொண்டு போய்ப் பயனில்லை.

பாஸ்வேர்டு எவ்வளவு வலுவாக இருந்தாலும் பின்கதவு ஒன்று உண்டு, அதன் பெயர் டபிள்யூபிஎஸ். 8 இலக்க எண் ஒன்றைச் சொன்னால் உள்ளே விடும் வசதி இது. 8 இலக்கம் என்றால் 10 கோடி என்றுதானே தோன்றும்? கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். போதாக்குறைக்கு, முதல் நான்கு சரியா என்பதை ரவுட்டர் தனியாகவே சொல்லிவிடும். முதல் நான்குக்கு 10,000, மீதி மூன்றுக்கு 1,000. ஆக 11,000 முயற்சிதான். இந்தக் குட்டு 2011இல் உடைந்தது. அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள்.

நெட்வொர்க் பெயரை மறைப்பது வீண் வேலை. இணைப்பு நடக்கும்போது நம் போனே அந்தப் பெயரைக் கூவிவிடும். மேக் முகவரியை வைத்து ஆளைத் தடுப்பதும் அப்படித்தான். அந்த எண் காற்றில் வெளிப்படையாகவே போகிறது, யாரும் காப்பியடிக்கலாம்.

வீட்டுக்குள் இருக்கும் பெட்டிகளுக்கு மறுபடி வருவோம். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பெயரும் பாஸ்வேர்டும் மாறாமல் கிடந்த கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் நுழைந்தது. அதன் கையில் இருந்தது அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள் மட்டுமே. அவற்றை வைத்தே லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்து, அவற்றிலிருந்து டேட்டாவைக் கொட்டிப் பெரிய தளங்களைத் திணறடித்தது. இப்படிச் சிக்கிய கேமரா படம் காட்டிக்கொண்டுதான் இருக்கும். காரணமில்லாத அப்லோட் ஒன்றுதான் வெளியே தெரியும் தடயம். டிவி, கேமரா, ஸ்மார்ட் பல்பு எல்லாவற்றையும், விருந்தாளிகளுக்கென்று ரவுட்டர் தனியாகத் தரும் கெஸ்ட் நெட்வொர்க்கில் விட்டுவிடுங்கள். அடுத்த முறை கணக்கு எகிறினால், அந்த கெஸ்ட் நெட்வொர்க்கை ஒரு நாள் அணைத்துப் பார்த்தாலே பாதித் தேடல் முடிந்துவிடும்.