கிளாசிக்ஸ்: வரி ஏட்டில் பிறந்த சொல்

"போரிஸ் ஜான்சன் ஆக்ஸ்போர்டில் கிளாசிக்ஸ் படித்தவர்." இதைத் தமிழில் எழுதச் சொன்னால் "செவ்வியல் இலக்கியம் படித்தவர்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். வாசிப்பவர் என்ன நினைப்பார்? ஷேக்ஸ்பியர், மில்டன் என்று பழைய ஆங்கில நூல்களைக் கரைத்துக் குடித்தவர் போலும் என்று நினைப்பார். ஆனால் ஷேக்ஸ்பியர் அந்தப் படிப்பின் பாடமே அல்ல. பழைய கிரேக்கமும் லத்தீனும்தான் அதன் உயிர். அந்த இரண்டு மொழிகளில் எழுதப்பட்ட காவியம், நாடகம், வரலாறு, மெய்யியல், அப்புறம் அந்த மக்கள் விட்டுப்போன சிலை, கோயில், பானை ஓவியம், நாணயம், கல்வெட்டு, பாப்பிரஸ் ஏடு எல்லாம் சேர்ந்ததுதான் கிளாசிக்ஸ். ஹோமரில் தொடங்கி மேற்கு ரோமப் பேரரசு வீழ்ந்த கி.பி. 476 வரை என்று தோராயமாக எல்லை போடுவார்கள். எல்லை நீளும், சுருங்கும்; கிரேக்கமும் ரோமும் மட்டும் மாறாது.

உலகில் எத்தனையோ பழைய நாகரிகங்கள் இருக்க, இந்த இரண்டுக்கு மட்டும் 'உயர்ந்தவை' என்ற பொருளில் ஒரு பொதுப்பெயர் எப்படிப் போய்ச் சேர்ந்தது? அதற்கு ரோமின் வரி ஏட்டைப் புரட்ட வேண்டும்.

லத்தீனில் 'கிளாஸிஸ்' என்றால் ஒரு பிரிவு, திரட்டப்பட்ட கூட்டம். கப்பற்படைக்கும் அதே சொல்தான். ரோமின் ஆறாம் அரசர் செர்வியஸ் துல்லியஸ் குடிமக்களைச் சொத்துக் கணக்குப்படி ஐந்து கிளாஸிஸாகப் பிரித்தார் என்பது ரோமானியர்கள் சொல்லிவந்த வரலாறு. எவ்வளவு சொத்தோ அதற்கேற்ற வரி, அதற்கேற்ற படைக்கலம், அதற்கேற்ற வாக்குப் பலம். 1,25,000 ஆஸ் அல்லது அதற்கு மேல் சொத்து உள்ளவர்களே முதல் பிரிவு. ஆஸ் என்பது வெண்கல நாணயம். இந்த முதல் பிரிவினரை மட்டும்தான் 'கிளாஸிகுஸ்' என்றார்கள். மற்ற நான்கு பிரிவினரும் 'பிரிவுக்குக் கீழே' இருப்பவர்கள். ஐந்துக்கும் அடியில், சொத்து என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லாதவர் 'புரோலெத்தாரியுஸ்'. புரோலெஸ் என்றால் பிள்ளைகள். நாட்டுக்கு இவர்களால் தர முடிந்தது பிள்ளைகளை மட்டுமே என்பது அந்தப் பெயரின் பொருள். பிற்காலத்தில் ஐரோப்பியச் சோசலிஸ்டுகள் எடுத்துக்கொண்டதும், நாம் பாட்டாளி வர்க்கம் என்று தமிழாக்கியதும் இந்தச் சொல்லைத்தான். கிளாசிக்ஸும் பாட்டாளி வர்க்கமும் ஒரே ஏட்டின் தலையிலும் காலிலும் எழுதப்பட்ட பெயர்கள்.

பணக்காரனைக் குறித்த சொல் நூலாசிரியனுக்கு எப்படித் தாவியது? கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஔலுஸ் கெல்லியுஸ் என்பவர் தான் கேட்டதையும் படித்ததையும் தொகுத்து 'அட்டிக் இரவுகள்' என்ற நூலை எழுதினார். அதில் ஒரு சுவையான காட்சி. ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸின் ஆசிரியரான ஃபிரான்டோவைச் சுற்றி உட்கார்ந்து சிலர் வாதம் செய்கிறார்கள். வாதம் எதைப் பற்றி? 'மணல்' என்ற சொல்லுக்குப் பன்மை உண்டா என்பதைப் பற்றி! கிடையாது என்று ஜூலியஸ் சீசரே தன் இலக்கண நூலில் எழுதியிருக்கிறார். (ஆமாம், அதே சீசர்தான், இலக்கணமும் எழுதியவர்.) கடைசியில் ஃபிரான்டோ சொல்கிறார்: பழைய எழுத்தாளர்களில் யாராவது, அதாவது 'கிளாஸிகுஸ்' ஆன ஒருவர், 'புரோலெத்தாரியுஸ்' அல்லாத ஒருவர், மணலைப் பன்மையில் சொல்லியிருக்கிறாரா என்று நேரம் கிடைக்கும்போது தேடிப் பாருங்கள்.

அது ஒரு கிண்டல்தான். 'வரி கட்டுகிற வர்க்கத்து எழுத்தாளனாகப் பார்த்து மேற்கோள் காட்டு, ஓட்டாண்டியைக் காட்டாதே' என்கிற மாதிரி. 'மணல்கள்' என்று எழுதலாமா என்று நம்மவர்கள் கூடி வாதிட்டால், யாராவது ஒருவர் சங்கப் பாட்டைக் காட்டு என்று கேட்பார் அல்லவா, அதே மனநிலை. எழுத்தாளனோடு அந்தச் சொல்லைச் சேர்த்துப் பேசியதற்கு நமக்குக் கிடைக்கும் பழைய சான்று அந்தக் கிண்டல்தான்.

அதன்பின் இந்தப் பொருளில் சொல் நெடுங்காலம் உறங்கியது. 16ஆம் நூற்றாண்டில் பழைய நூல்களைத் தேடித் தேடி அச்சிட்ட அறிஞர்கள் கெல்லியுஸைப் படித்து அதைத் தூசு தட்டி எடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 1548-இல் தோமா செபியே பிரெஞ்சில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியபோது அவர் குறித்தது கிரேக்கரையும் ரோமானியரையும் அல்ல, பழைய பிரெஞ்சுக் கவிஞர்களை! அப்படியே போயிருந்தால் ஒவ்வொரு மொழிக்கும் அதனதன் கிளாசிக்ஸ் என்று சொல் பரந்திருக்கும். ஆனால் ஐரோப்பியப் பள்ளிகளில் பாடம் என்றாலே லத்தீன், அதற்கு மேல் கிரேக்கம். பள்ளி வகுப்புக்கும் கிளாஸ் என்றே பெயர் வந்திருந்தது. முதல் தர ஆசிரியன் என்ற பொருளும் வகுப்பில் படிக்கிற ஆசிரியன் என்ற பொருளும் ஒன்றோடொன்று கலந்து, கிளாசிக்ஸ் என்றால் கிரேக்கமும் லத்தீனும் என்று நிலைத்துவிட்டது.

எல்லோரும் இந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஆக்ஸ்போர்டில் இந்தப் பட்டத்தின் முறையான பெயர் இன்றும் 'லிட்டரே ஹியுமேனியோரெஸ்'தான்; 'மனிதத்தன்மை மிகுந்த கல்வி' என்பது போன்ற லத்தீன் தொடர். ஜெர்மானியர்கள் வேறு வழியில் போனார்கள். விங்கெல்மான் 1764-இல் பழங்காலக் கலையின் வரலாற்றை எழுதி, நூலோடு சிலையையும் ஆய்வுப் பொருளாக்கினார். ஃப்ரீட்ரிக் ஔகுஸ்ட் வொல்ஃப் 1807-இல் மொழி, வரலாறு, கலை, சட்டம், சமயம் அனைத்தையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து 'பழங்காலத்தைப் பற்றிய அறிவியல்' என்ற பொருளில் அதற்கு ஒரு பெயர் வைத்தார். இதுவே நேர்மையான பெயர் என்பேன். உயர்வு தாழ்வு பேசாமல் காலத்தை மட்டும் சொல்கிறது.

உயர்வு தாழ்வு பேசியதன் விளைவு நம் ஊர்வரை வந்தது. ஆங்கிலேயர் காலத்து இந்திய சிவில் சர்வீசுக்குப் போட்டித் தேர்வு வைக்கப் பரிந்துரைத்த மெக்காலே குழு 1854-இல் மதிப்பெண் பங்கிட்டபோது கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750, சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375 என்று வைத்தது. இந்தியாவை ஆள வருகிறவனுக்கு லத்தீன் கவி வெர்ஜில் தெரிந்திருப்பதன் மதிப்பு காளிதாசனைப்போல் இரண்டு மடங்கு! தமிழ் அந்தப் பட்டியலிலேயே இல்லை. தேர்வான பிறகு கற்றுக்கொள்ள வேண்டிய 'வெர்னாகுலர்' மொழிகளில் அதுவும் ஒன்று. வெர்னாகுலர் என்ற சொல்லும் ரோமிலிருந்து வந்ததே. 'வெர்னா' என்றால் எசமானன் வீட்டிலேயே பிறந்த அடிமை. அதிலிருந்து 'வீட்டுக்குரியது, உள்ளூருக்குரியது' என்ற பொருள் கிளைத்தது. ஒரு பக்கம் முதல் பிரிவுச் செல்வன், மறுபக்கம் வீட்டில் பிறந்த அடிமை. மொழிகளை வகுத்த சொற்களுக்குள்ளேயே இந்த ஏணி இருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகமும் தமிழை வெர்னாகுலர் என்ற தட்டில்தான் வைத்திருந்தது. அதை எதிர்த்து எழுதியவர்களில் முதன்மையானவர் பரிதிமாற் கலைஞர். தமிழ் 'உயர்தனிச் செம்மொழி' என்று வாதிட்டார். 1903-இல் அவர் மறைந்தபோது வயது 33தான். நூறு ஆண்டு கழித்து, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த ஜார்ஜ் ஹார்ட் 2000 ஏப்ரலில் எழுதிய கடிதமும் இதே வழக்கைத்தான் பேசியது. 2004 அக்டோபரில் இந்திய அரசு தமிழைச் செம்மொழி என்று அறிவித்தது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். செம்மை + மொழி = செம்மொழி; செம்மை + இயல் = செவ்வியல், செவ்வானம் போல. செம்மைக்குச் சிவப்பு என்றும் பொருள், சிறப்பு என்றும் பொருள். இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது பொருள்: நேராக இருத்தல், கோணாதிருத்தல். செங்கோலுக்கு எதிர்ச்சொல் கொடுங்கோல். கொடு என்றால் வளைவு. "வேலன்று வென்றி தருவது மன்னவன் கோலதூஉங் கோடா தெனின்" என்ற குறளில் 'கோடாது' என்பதும் வளையாததைத்தான். செந்தமிழ், கொடுந்தமிழ் என்று உரையாசிரியர்கள் பிரித்ததும் அதே இணைதான். செந்தமிழ் என்ற சொல் தொல்காப்பியத்திலேயே உண்டு.

ஆக, லத்தீன்காரன் பண அளவை வைத்துச் சொல்லை உண்டாக்கினான், தமிழ்ச் சொல் நேர்க்கோட்டிலிருந்து வருகிறது. நம் செம்மைக்கு உறவு தேடினால் லத்தீனில் அல்ல, கிரேக்கத்தில் கிடைக்கும். 'கானோன்' என்றால் கிரேக்கத்தில் நேரான கோல், தச்சனும் கொத்தனும் வளைவு பார்க்க வைத்துப் பார்க்கிற அளவுகோல். நாணல் தண்டைக் குறிக்கும் 'கன்னா'விலிருந்து வந்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சிற்பி போலிக்லைட்டஸ் மனித உடலின் அளவை விகிதங்களைப் பற்றித் தான் எழுதிய நூலுக்கு இதையே பெயராக வைத்தார். அந்த விகிதங்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஈட்டி ஏந்திய இளைஞனின் வெண்கல மூலம் இப்போது இல்லை. பொம்பேயில் கிடைத்த பளிங்கு நகல் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1768-இல் டேவிட் ருன்கென் என்ற அறிஞர், தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசிரியர்களின் பட்டியலுக்குக் கானோன் என்று பெயரிட்டார். அந்தப் பொருளும் ஒட்டிக்கொண்டது. கோணாத கோலால் அளந்து எடுத்தவை என்ற எண்ணத்தில் செவ்வியலும் கானோனும் பக்கத்துப் பக்கத்து வீடு.

அதனாலேயே ஒரு சிக்கலும் உண்டு. செவ்வியல் நல்ல சொல், ஆனால் அதற்கு ஊர் இல்லை. செவ்வியல் இலக்கியம் என்றால் தமிழ் வாசகர் முதலில் எட்டுத்தொகையை நினைப்பார்; செவ்வியல் இசை என்றால் கர்நாடக சங்கீதத்தை நினைப்பார். அவர் நினைப்பதில் தப்பே இல்லை. கிரேக்கத்தையும் ரோமையும் மட்டும் நினைப்பதுதான் ஐரோப்பியப் பள்ளிக்கூடப் பழக்கம். இலங்கைத் தமிழில் வழங்கும் 'செந்நெறி'க்கும் இதே நிலைதான். ஆனால் அங்கே உயர்தரப் பரீட்சையில் ஒரு பாடத்துக்குக் 'கிரேக்க உரோம நாகரிகம்' என்று பெயர். எந்தக் குழப்பமும் இல்லாத பெயர். ஹார்ட் இருந்த அதே பெர்க்லியில் கிளாசிக்ஸ் துறை தன் பெயரைப் 'பண்டைக் கிரேக்க ரோமானிய ஆய்வுகள்' என்ற பொருளில் மாற்றிக்கொண்டிருக்கிறது. நாமும் படிப்பைக் குறிக்கும்போது 'கிரேக்க ரோமானியச் செவ்வியல் கல்வி' என்று ஊரைச் சேர்த்தே எழுதலாம். இடம் குறைவென்றால் 'கிரேக்க லத்தீன் படிப்பு' போதும். கிரேக்கக் கலை வரலாற்றில் பாரசீகப் போர்கள் முடிந்த கி.மு. 480 வாக்கிலிருந்து அலெக்சாண்டர் இறந்த 323 வரையிலான காலத்துக்கு மட்டும் 'செவ்வியல் காலம்' என்பதை வைத்துக்கொள்ளலாம். அங்கே அது ஒரு காலப்பெயர். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் 'கிளாசிக்' என்று சொல்கிறவர்களை விட்டுவிடுவோம், அவர்கள் சொல்வது எல்லோருக்கும் புரிகிறது.

இந்தத் துறையின் அறிஞரை என்னவென்று சொல்வது? 'செவ்வியலாளர்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒட்டவில்லை. யாழ்ப்பாணத்துக் கைலாசபதி பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, ஹோமரின் வாய்மொழிக் காவிய மரபோடு சங்கப் பாடல்களை ஒப்பிட்டார். அது 1968-இல் நூலாக வந்தது. இங்கே தாம்சனைச் 'செவ்வியலாளர்' என்று எழுதினால் அவர் தமிழறிஞரா, கிரேக்க அறிஞரா என்று வாசகர் நின்று யோசிக்க வேண்டும், அதிலும் பக்கத்திலேயே சங்கப் பாட்டு இருக்கும்போது. 'கிரேக்கப் பேராசிரியர் தாம்சன்' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது.