கேஸ் மேனேஜ்மென்ட்: வழக்கு அல்ல, வழித்துணை

கொழும்பில் 'கேஸ்' என்ற சொல்லை அறியாத தமிழர் இல்லை. "அவருக்குப் புதுக்கடையில கேஸ் ஓடுது" என்றால் நீதிமன்றம். "எங்கட ஒழுங்கையில மூண்டு டெங்கு கேஸ்" என்றால் நோய். ஆனால் 'கேஸ் மேனேஜ்மென்ட்' என்று சேர்ந்து வரும்போது பொருள் மங்கிவிடுகிறது. கஷ்டத்தில் இருப்பவரோடு கூட நின்று, அவருக்கு வேண்டிய உதவிகளைக் கோத்துக் கொடுக்கும் வேலைக்கு அப்படிப் பெயர். சமூக சேவையில் இருப்பவர்கள் பேசும்போது அதை அப்படியே சொல்கிறார்கள். எழுத வேண்டி வந்தால் 'வழக்கு முகாமைத்துவம்' என்று போடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் எழுதினேன்.

வீதியோரத்தில் உறங்குபவர்களுக்கு வீடு தேடிக் கொடுக்க உதவும் ஒரு சேவையின் துண்டுப்பிரசுரம் அது. மொழிபெயர்த்துக் கொடுத்ததோடு நில்லாமல், விநியோகிக்கப் போனவர்களோடு புறக்கோட்டைக்கும் போனேன். கடைகள் பூட்டிய பிறகு ஒரு விறாந்தையில் சாக்கு விரித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், வாசித்துக் காட்டச் சொன்னார். "உங்கள் வழக்கு முகாமையாளர் உங்களைச் சந்திப்பார்" என்று வாசித்தேன். அவர் சாக்கைச் சுருட்டத் தொடங்கினார். "என் மேல என்னா வழக்கு தம்பி? நான் ஒண்ணுமே பண்ணலையே" என்றார். பேச்சிலேயே மலையகம் தெரிந்தது. அவரை மறுபடி உட்காரவைக்க அரை மணித்தியாலம் பிடித்தது.

அவருடைய பயம் காரணமில்லாதது அல்ல. வீதியில் உறங்குவதையும் சட்டத்தையும் முடிச்சுப்போட்டது 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். அலைந்து திரிவோரைப் பற்றிய சட்டம் அது. இங்கிலாந்தில் 1824இல் வந்த சட்டத்தின் வழியில் குடியேற்ற ஆட்சி இங்கே கொண்டுவந்தது. பிழைப்புக்கு வழி காட்ட முடியாமல் விறாந்தையிலோ கொட்டிலிலோ தங்குபவரை அது குற்றவாளிகளின் வரிசையில் வைத்தது. யாசகம் கேட்டுப் பிடிபட்டவர்களை அம்பலாந்தோட்டைப் பக்கம் ரிதியகமவிலுள்ள தடுப்பு இல்லத்துக்கு ஏற்றிப்போவது கொழும்பு வீதிகளில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அப்படிப்பட்ட ஒருவரிடம் போய் 'உங்கள் வழக்கு' என்று தொடங்கினால் அவர் எழும்பி ஓடாமல் என்ன செய்வார்?

'முகாமைத்துவம்' இன்னொரு காயத்தைத் தொடுகிறது. இலங்கைத் தமிழில் முகாமையாளர் என்றால் மேனேஜர். தமிழ்நாட்டில் மேலாளர் என்பார்கள். முகாமைக்குத் தலைமை என்ற பொருள் உண்டு. இடம்பெயர்ந்தோர் தங்கிய முகாமோ அரபியிலிருந்து வந்த வேறு சொல். இரண்டுக்கும் உறவில்லை. ஆனால் காது அகராதி பார்ப்பதில்லை. 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் கிடந்துவிட்டு வந்தவருக்கு அந்தச் சொல்லின் முதல் மூன்று எழுத்துமே போதும். (அதன் கட்டமைப்பும் எனக்கு உறுத்துகிறது. பண்பைக் காட்டத் தமிழின் 'மை' ஏற்கனவே இருக்க, அதே வேலைக்கு வடமொழியின் 'த்துவம்' எதற்கு? முகாமை என்றாலே நிறைந்துவிடுகிறதே.)

ஆக, வீடில்லாத ஒருவருக்கு உதவி என்று சொல்ல வந்த சொல், அவர் காதில் நீதிமன்றமும் முகாமுமாக விழுகிறது.

இனி வேருக்குப் போவோம். ஆங்கிலக் 'கேஸ்' இலத்தீனின் 'காசுஸ்' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் அடி 'கதேரே', அதாவது விழுதல். ஒருவர்மேல் வந்து விழுவது, அவருக்கு நேர்வது, அதனால் அவர் இருக்கும் நிலை என்று பொருள் விரிந்தது. பெட்டி என்று பொருள்படும் 'கேஸ்' வேறு. அது 'காப்சா' என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. இலக்கணத்தில் வேற்றுமைக்கும் ஆங்கிலத்தில் 'கேஸ்' என்றே பெயர். அதுவும் விழுதலிலிருந்து வந்ததுதான். கிரேக்க இலக்கணக்காரர் வேற்றுமையை 'விழுதல்' என்று சொன்னதை இலத்தீன்காரர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தமிழில் இடத்தைக் காட்டும் ஏழாம் வேற்றுமை உருபு 'இல்'. வீட்டுக்குப் பழந்தமிழில் உள்ள பெயரும் 'இல்'. 'மருதானையில்', 'கொட்டாஞ்சேனையில்' என்று ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஒரு வீட்டை வைத்துத்தான் பேசுகிறோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நம் 'வழக்கு' வழங்குதலிலிருந்து வருவது. பேச்சு வழக்கு, உலக வழக்கு என்பவற்றில் இருப்பது அந்தப் பொருள். பிறகுதான் அது நீதிமன்றத்துப் பிணக்குக்கும் பெயராயிற்று. விழுதல், நேர்தல் என்ற பொருள் அதில் எங்கும் இல்லை. காசுஸுக்கு நேரான தமிழ் 'நேர்வு'. தமிழ்நாட்டு அரசாணைகளில் 'இந்நேர்வில்' என்று எழுதுவார்கள். நேர்தல் என்றால் நிகழ்வதும்தான், உடன்படுவதும்தான். கோயிலுக்கு நேர்த்தி வைப்பதும் இதே அடியில் பிறந்தது. 'உங்களுக்கு நேர்ந்தது' என்று பேச்சைத் தொடங்கும் ஒரு சேவைக்கு இது எவ்வளவு பொருந்துகிறது! பாடநூலுக்கு 'நேர்வு' நல்ல சொல். ஆனால் புறக்கோட்டை விறாந்தையில் அதைச் சொன்னால் விளங்காது.

'மேனேஜ்' என்பதன் அடியில் கை இருக்கிறது. இலத்தீனில் கைக்கு 'மானுஸ்' என்று பெயர். இத்தாலிய மொழியில் குதிரையைப் பழக்கி நடத்துவதற்கு வழங்கிய சொல் அதிலிருந்து பிறந்து ஆங்கிலத்துக்குப் போனது. தமிழிலும் 'கையாளுதல்' உண்டுதான். ஆனால் பொருளைக் கையாளலாம், பணத்தைக் கையாளலாம். ஆளைக் கையாண்டான் என்றால் அது நல்ல பேச்சு அல்ல. 'மேலாண்மை'யில் மேலிருந்து ஆள்வது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சொல் இப்படி. தொழில் என்ன? 1869இல் லண்டனில் தோன்றிய தருமச் சங்கம் ஒன்று ஏழைகளை வீடு வீடாகச் சந்தித்து, ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியே பதிவுசெய்தது. அமெரிக்காவின் மேரி ரிச்மண்ட் 1917இல் அதை ஒரு முறையாக வகுத்து எழுதினார். 1970களில் அமெரிக்காவின் பெரிய மனநல வைத்தியசாலைகளிலிருந்து நோயாளர்கள் வெளியே அனுப்பப்பட்டபோது, மருந்து ஓரிடம், பணம் ஓரிடம், தங்குமிடம் ஓரிடம் என்று உதவிகள் சிதறிக் கிடந்தன. அவற்றைக் கோத்துக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டார். அந்த வேலைக்குத்தான் இந்தப் பெயர்.

கொழும்பில் இந்தக் கோத்தல் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சொல்லின் முழுப் பொருளும் தெரியும். வறியோருக்கு அரசு தரும் அஸ்வெசும கொடுப்பனவு 2023 யூலையிலிருந்து இருக்கிறது. அது வங்கிக் கணக்கில் விழுகிறது. வங்கிக் கணக்குக்கு அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டை விண்ணப்பத்தில் கிராம சேவகர் ஒப்பமிட வேண்டும். அவர் தன் பிரிவில் வசிப்பவருக்குத்தான் ஒப்பமிடுவார், விறாந்தைக்கு இலக்கமில்லை. பிறப்புச் சான்றிதழும் வேண்டும். அது தோட்டத்தில் பதியப்பட்டதோ இல்லையோ. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்தவரை நாடற்றவர்களாக்கி, 2003இன் சட்டம் எஞ்சியோருக்கு உரிமை தரும்வரை எத்தனை தாள்கள் எத்தனை வீடுகளில் தவறிப்போயின! பதிவே இல்லாவிட்டால் வயதை உத்தேசமாகக் குறித்துத் தரும் சான்றிதழுக்கு அலைய வேண்டும். பதிவாளர் அலுவலகத்திலிருந்து பிரதேச செயலகத்துக்கு, அங்கிருந்து வைத்தியசாலை மருந்து வரிசைக்கு, பிறகு வாடகை அறைக்கு முற்பணம் கேட்கும் வீட்டுக்காரரிடம். எழுதப் படிக்கத் தெரிந்தவரையே களைக்க வைக்கும் சுற்று. கூடவே நடந்து, கூடவே வரிசையில் நின்று, பேச வேண்டிய இடத்தில் பேசுபவர்தான் கேஸ் மேனேஜர்.

வீதியில் உறங்குபவர்கள் எல்லாரும் யாசகர்கள் அல்லர். பலர் நாட்டாமைகள். தமிழ்நாட்டில் நாட்டாமை ஊர்ப் பெரியவர். நம் புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவர். பகலில் உழைத்துவிட்டு இரவில் சுமந்த கடையின் வாசலிலேயே படுப்பவர் வேலையற்றவர் அல்லர், வீடற்றவர்.

இந்தச் சேவை தேடிக் கொடுக்கும் 'நிலையான வீடு' என்பதிலும் ஒரு பிசகு வருகிறது. 'உறுதியான வீடு' என்று எழுதினால் இலங்கையில் வேறு பொருள் கொள்வார்கள். நமக்கு உறுதி என்றால் காணி உறுதி, தமிழ்நாட்டார் சொல்லும் பத்திரம். இந்தச் சேவை உறுதி எழுதிக் கொடுப்பதில்லை. நாளைக்கு எழுப்பிவிடமாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு படுக்கக்கூடிய இடம், வாடகை அறையானாலும், நிலையான வீடுதான். முதலில் குடியை விடு, முதலில் வேலை தேடு, பிறகு வீடு தருகிறோம் என்பது பழைய ஒழுங்கு. 1992இல் நியூயோர்க்கில் அதைத் தலைகீழாக்கி, முதலில் வீடு, மற்றவை பிறகு என்று தொடங்கினார்கள். பின்லாந்து 2008இலிருந்து அதைத் தேசியக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. படுக்க இடமில்லாதவர் எதைத் திருத்துவார்?

வீடற்றோர் என்ற சொல்லை உலக அரங்கில் ஏற்றியதில் கொழும்புக்கும் பங்கு உண்டு. வாழைத்தோட்டத்தில் பிறந்த ரணசிங்க பிரேமதாச, பிரதமராக 1980இல் ஐக்கிய நாடுகள் சபையில் வைத்த யோசனையிலிருந்துதான் 1987 வீடற்றோருக்கான சர்வதேச உறைவிட ஆண்டாகியது. அந்த ஆண்டின் பெயருக்குத் தமிழ் கிடைத்தது. வீட்டுக்கு அழைத்துப்போகும் ஆளுக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

என் தெரிவு 'வழித்துணை'. அந்தப் பணிக்கு வழித்துணைப் பணி என்றும், செய்பவருக்கு வழித்துணையாளர் என்றும் சொல்லலாம். அகராதியைத் தோண்டி எடுத்த சொல் அல்ல இது; இரவில் தனியே போகும் பிள்ளையோடு யாரையாவது அனுப்பும் எந்தத் தாய்க்கும் தெரிந்த சொல். விரிஞ்சிபுரத்துச் சிவனுக்கு வழித்துணைநாதர் என்றே பெயர். துணை என்பதில் ஆளுதல் இல்லை. போகவேண்டிய இடத்தைத் தீர்மானிப்பவர் நடப்பவர்தான். மற்றவர் கூட வருகிறார். வழி முடிந்ததும் துணையும் முடியும். இந்தப் பணியும் அப்படித்தான்; வீட்டில் குடியேறியவரோடு ஒன்பது மாதம் நின்று, மெல்ல மெல்லக் கையை விடுவதென்றே ஒரு முறை வகுத்திருக்கிறார்கள்.

துண்டுப்பிரசுரத்தை மாற்றி அச்சிட்டோம். "உங்களோடு கூட வர ஒரு வழித்துணையாளர் இருக்கிறார்" என்று முதல் வரி. படிவத்தில் 'வழக்கு இலக்கம்' என்றிருந்த கட்டத்தை 'கோவை இலக்கம்' ஆக்கினோம். 'முகவரி' என்ற கட்டத்தின் கீழே சிறிய எழுத்தில், "இப்போது உறங்கும் இடத்தை எழுதினாலும் போதும்" என்று சேர்த்தோம்.