பெரிய பூவேலைக் குயில்ட்டை லோங் ஆர்ம் இயந்திரம் தைக்கும் விதம்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், தை, மாசி இரவுகளில் அங்கே புல்லின் மேல் உறைபனி படிவதுண்டு. அந்தக் குளிரில் குயில்ட் போர்வை உடற்சூட்டைக் காப்பது பஞ்சுக்குள் அடைபட்ட அசையாத காற்றினால்தான். அந்தப் பஞ்சு ஒரு மூலையில் திரளாதபடி மேல்துணி, பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவித் தைக்கிறார்கள். நம் தலையணைகளில் அடைக்கும் இலவம் பஞ்சு இதற்கு உதவாது. அதன் இழைகள் குட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் விரிப்பாகப் படிந்து நில்லா.

வீட்டுத் தையல் இயந்திரத்தில் ஊசி ஓரிடத்தில் நிற்க, அடியிலுள்ள பற்கள் துணியை நகர்த்துகின்றன. 110 அங்குலச் சதுரப் போர்வையின் பாரம் மேசைக்கு வெளியே தொங்கி இழுக்கும்போது அந்தப் பற்களால் ஈடுகொடுக்க இயலாது. லோங் ஆர்ம், அதாவது நீண்ட கை கொண்ட இயந்திரத்திலோ துணி சட்டகத்தின் உருளைகளில் விரிந்து கிடக்க, தைக்கும் தலைப்பகுதி தண்டவாளங்களின் மேல் சில்லுகளில் நான்கு திசையிலும் ஓடுகிறது. சில்லு உருண்ட தூரத்தை ஓர் உணரி அளந்து, குறித்த தூரத்துக்கு ஒருமுறை ஊசியை இறக்குவதால், தைப்பவரின் கை விரைந்தாலும் தாமதித்தாலும் தையல்கள் ஒரே நீளத்தில் விழுகின்றன. சட்டகம் பெரும்பாலும் 10 முதல் 14 அடி வரை நீள்வதால், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறையில் அதை வைத்து வேலை செய்வது நடவாத காரியம். தோட்டத்துப் பொது மண்டபம் போன்ற இடமே அதற்குப் பொருந்தும்.

இயந்திரக் கையின் ஆழம், அதாவது ஊசிக்கும் பின்புறத் தூணுக்கும் இடையிலான வெளி, பொதுவாக 18 முதல் 30 அங்குலம் வரை இருக்கும். ஆனால் தைத்து முடிந்த பகுதி அந்த வெளிக்குள்ளேயே சுருளாகச் சேர்ந்துகொண்டு போகிறது. கால் அங்குலத் தடிப்பும் 110 அங்குல நீளமும் கொண்ட போர்வை, இரண்டரை அங்குல உருளையில் முழுதும் சுற்றியபின் ஏறத்தாழ 6½ அங்குல விட்டமாகும். பூவேலை செறிந்து சராசரித் தடிப்பு அரை அங்குலமானால் அது 8¾ அங்குலமாகிவிடும்; 18 அங்குல இயந்திரத்தில் கடைசி வரிசைகளுக்கு ஏறக்குறைய பாதி இடமே மிஞ்சும். ஆகவே பூவேலைப் போர்வைக்கு இயந்திரம் தேடுவோர் வேகத்தைவிட இந்த ஆழத்தையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

துணியைத் தப்பு மேளத்தின் தோல்போல இறுக்கிவிடவும் கூடாது. சட்டகத்திலிருந்து கழற்றியதும் அது சுருங்கித் தையலோரம் சுருக்கங்கள் விழும். நெருக்கமான பூவேலையின் மேல் ஊசி இறங்கினால் வளைந்து முறியவோ தையல் தவறவோ கூடும். அதனால் பூவின் விளிம்பை ஒட்டி முதலில் தைத்து, அதைச் சூழ்ந்த வெற்றிடத்தைப் பிறகே நெருக்கமான தையலால் நிரப்புகிறார்கள்; நிரப்பிய இடம் அமுங்க, பூ மேலெழுந்து நிற்கும். ஊசியோடு சேர்ந்து எழுந்து தாழும் பாதத்தின் உயரத்தையும் அப்போது திருத்த வேண்டும். தாழ்ந்திருந்தால் அது பூநூலில் சிக்கும், உயர்ந்திருந்தால் ஊசி மேலேறும்போது துணியும் உடன் எழும்பித் தையல் விடுபடும்.