ஸ்டேக்ஹோல்டர் என்றால் பங்குதாரரா?

உயிரி ஆற்றல் பற்றிய ஆய்வுகளைத் தமிழில் எழுதும்போது "பொதுமக்கள் மற்றும் பங்குதாரர்களின் மனநிலை" என்று ஒரு தொடர் வந்து உட்கார்ந்துகொள்ளும். மரம், பயிர்க்கழிவு, சாணம் இவற்றை எரித்தோ நொதிக்க வைத்தோ மின்சாரமும் வாயுவும் எடுப்பதைப் பற்றி யார் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் விஷயம். சரி, இதில் பங்குதாரர் யார்? படித்ததும் கம்பெனியில் ஷேர் வைத்திருப்பவர் என்றுதானே தோன்றுகிறது? அவர் ஷேர்ஹோல்டர். சொல்ல வந்தது ஸ்டேக்ஹோல்டர்.

ஸ்டேக் என்றால் பணயம். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், இருவர் பந்தயம் கட்டினால் இரண்டு பேர் பணத்தையும் வாங்கி வைத்திருந்து ஜெயித்தவர் கையில் கொடுக்கும் மூன்றாம் ஆளுக்குத்தான் ஸ்டேக்ஹோல்டர் என்று பெயர். யார் ஜெயித்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை. இன்றைய பொருள் அப்படியே தலைகீழ்: முடிவு எப்படிப் போனாலும் லாபமோ நட்டமோ தன் தலையில் விழப்போகிற ஆள். இந்தப் பொருள் நிர்வாகத் துறைக்குள் வந்ததற்கு ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் 1963ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்றைக் காட்டுவார்கள். நிர்வாகவியல் பேராசிரியர் எட்வர்ட் ஃப்ரீமன் 1984இல் எழுதிய நூல் அதை ஊன்றச் செய்தது. ஷேர் வைத்திருப்பவரை மட்டும் பார்த்தால் போதாது, மற்றவர்களையும் பார் என்று சொல்ல வந்த சொல்லைப் பங்குதாரர் என்று மொழிபெயர்த்து, திரும்பவும் ஷேர்ஹோல்டரிடமே கொண்டுபோய் விட்டுவிடுகிறோம். (பங்குதாரரில் உள்ள 'தார்' பாரசீக ஒட்டு, வைத்திருப்பவர் என்று பொருள். ஆக ஹோல்டர் ஒழுங்காக வந்துவிட்டார், ஸ்டேக்தான் தொலைந்துபோனது.)

உயிரி ஆற்றலில் இந்தக் குழப்பம் நிஜமாகவே இடிக்கும். இங்கிலாந்தில் நிலக்கரியிலிருந்து மரத்துக்கு மாறிய டிராக்ஸ் மின் நிலையத்துக்கு மரவில்லைகள் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு எரிதுண்டுகள்) பெருமளவில் அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து கப்பலில் வருகின்றன. மரம் விற்கும் காட்டு உரிமையாளர், வில்லை ஆலைக்குப் பக்கத்தில் தூசியோடும் லாரிச் சத்தத்தோடும் குடியிருப்பவர், கடலுக்கு அந்தப் பக்கம் மானியத்துக்கும் சேர்த்து மின்கட்டணம் கட்டுபவர், எல்லாருக்கும் இதில் பணயம் உண்டு. ஒருவரிடமும் ஒரு ஷேர்கூட இருக்க வேண்டியதில்லை.

அப்புறம், 'அக்கறையாளர்' என்றும் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் அக்கறை என்பது மனத்தில் இருப்பது, பணயம் வெளியில் இருப்பது. சூரிய ஒளி, காற்றாலை தெரிந்த அளவுக்கு மக்களுக்கு உயிரி ஆற்றல் தெரியவில்லை என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு. ஆலை வரும்வரை அதைக் கேள்விப்பட்டே இராதவருக்கு அக்கறை எங்கிருந்து வரும்? பாதிப்பு மட்டும் வந்துவிடும். 'ஈடுபாட்டாளர்' என்பதிலும் இதே கோளாறு.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல்லுக்குள் இருக்கும் 'ஈடு' நமக்கு வேண்டிய இடத்துக்குக் கிட்டே வருகிறது: ஈடு வைப்பது, அடகு வைப்பது. 'ஈடுடையோர்' என்று எழுதிப் பார்த்தேன், ஈடு இணை உடையவர் போல ஒலித்தது, விட்டுவிட்டேன்.

என் கணக்கில் செய்தித்தாள்கள் தினமும் எழுதும் 'சம்பந்தப்பட்ட தரப்பினர்' போதும். தரப்பும் அரபியிலிருந்து வந்ததுதான், சம்பந்தமும் வடசொல்தான். தூய தமிழ் வேண்டுவோர் 'தொடர்புடையோர்' என்று எழுதலாம், கொஞ்சம் சப்பென்று இருக்கும், ஆனால் தவறில்லை. கூடவே அந்த 'மனநிலை'யையும் 'மனப்பாங்கு' என்று மாற்றிவிடுங்கள். மனநிலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.